குடிக்கல மேடம், ஆனா தூங்கல

போதை மறுவாழ்வு மையத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறீர்களா? முதல் நாள் எந்த வாக்கியத்துக்குக் கைதட்டல் விழுகிறதோ, அதை அன்று மாலையே எடுத்து மறுபடி படித்துப் பாருங்கள். நான் பார்க்கவில்லை.

மதுரைப் பக்கம் ஒரு மையம். மூன்று நாள் பயிற்சி, பதினான்கு பேர். உங்கள் வகுப்பும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: எம்.எஸ்.டபிள்யூ. முடித்த நான்கு பிள்ளைகள், இரண்டு நர்ஸ், வார்டைப் பார்த்துக்கொள்ளும் இருவர், மீதி ஆறு பேர் ஒரு காலத்தில் குடித்து மீண்டவர்கள். புரொஜெக்டர் வேலை செய்யாது. நிர்வாகி கடைசி நாள் சான்றிதழ் போட்டோவுக்கு மட்டும் வருவார்.

நான் சொன்னது இதுதான்: "ஒரு பொருளை விட்டுட்டு இன்னொரு பொருளைப் பிடிச்சுக்கிறது மீட்சி இல்லை." என் மனதில் இருந்தது தூக்க மாத்திரை. குடியை நிறுத்திவிட்டு அல்பிரசோலத்தைப் பிடித்துக்கொண்டு, பிறகு அதை விட முடியாமல் திண்டாடியவர்களை இருபது வருடமாகப் பார்த்து வருகிறேன். ஆனால் மனதில் இருந்ததை நான் வாய் திறந்து சொல்லவில்லை. சொன்னதை மட்டும் முன்வரிசையில் இருந்த ஓர் அண்ணன் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டார். பதினோரு வருடமாக ஒரு சொட்டுத் தொடாதவர். அந்த மையத்தில் டாக்டர் பேச்சுக்கு இல்லாத மரியாதை அவர் பேச்சுக்கு உண்டு.

இரண்டு மாதம் கழித்து, இரவு பதினொரு மணி வாக்கில் ஒரு பெண் போன் செய்தார். மையத்தில் இருக்கும் பிள்ளைகளில் ஒருத்தி என் எண்ணைக் கொடுத்திருக்கிறாள்.

"குடிக்கல மேடம். சத்தியமா ஒரு சொட்டு குடிக்கல. ஆனா நாலு நாளா தூங்கல."

கணவர் காய்கறி வியாபாரி. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கடை ஷட்டருக்குப் பெயின்ட் அடிக்கிறாராம். மனைவியின் சங்கிலியை அடகு வைத்து இரண்டு லோடு ஆட்டோவுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, மூன்றாவதுக்குப் பேசிக்கொண்டிருக்கிறாராம். பேச்சை நிறுத்துவதே இல்லையாம். மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். "அதையும் விட்டாச்சு மேடம். அண்ணன்தான் சொன்னாரு, அதுவும் ஒரு போதைதானேன்னு."

அவருக்கு இருந்தது இருமுனை மனநிலைக் கோளாறு. மையத்துக்கு வருவதற்குப் பல வருடம் முன்பே லித்தியம் எடுத்து வந்தவர். மனம் பொங்கி எழும்போதெல்லாம் குடியும் சேர்ந்து ஏறும். குடும்பத்துக்குக் குடி மட்டும்தான் கண்ணில் பட்டது, மையத்துக்கும் அப்படியே. சேரும்போது வாங்கி ஆபீஸ் பீரோவில் வைத்த மாத்திரை அட்டைகளை, வீட்டுக்கு அனுப்பும்போது மெடிக்கல் ஷாப் கவரோடு திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்த கையோடு அண்ணன் என் வாக்கியத்தையும் கொடுத்திருக்கிறார்.

லித்தியம் போதைப் பொருள் அல்ல. அதற்காக யாருக்கும் நாக்கு ஊறுவதில்லை, இன்னும் ஒன்று கொடு என்று யாரும் கெஞ்சுவதில்லை. ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் சில வாரத்திலேயே நோய் திரும்பி எழக்கூடும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். கைதட்டல் ஓய்ந்ததும் நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

பெரியாஸ்பத்திரி மனநல வார்டில் மூன்று வாரம் இருந்து தேறினார். ஆட்டோ முன்பணம் திரும்பவில்லை.

பிறகு மையத்தில் ஒரு கூட்டம். "நீங்கதானே மேடம் அப்படிச் சொல்லிக் கொடுத்தீங்க" என்றார் நிர்வாகி. அதற்கப்புறம் என்னைக் கூப்பிடவில்லை. தப்பு என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அன்று பேச விடாததை இங்கே எழுதுகிறேன். வாரம் ஒரு முறை அரை மணி நேரம் வந்துபோகும் மனநல மருத்துவர், டிஸ்சார்ஜ் சீட்டில் 'மருந்துகளைத் தொடரவும்' என்று எழுதினார். எந்த மருந்து, எதற்கு, எவ்வளவு நாள் என்று ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்குப் போனவர்களை போனில் விசாரித்து எழுதும் பதிவேட்டில் தேதிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டம்: குடித்தாரா? அந்த மனிதர் பெயருக்கு நேரே நான்கு வாரமாக 'இல்லை', 'இல்லை', 'இல்லை', 'இல்லை'. நான்காவது 'இல்லை' எழுதப்பட்ட அன்று அவர் தூங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. அந்தப் படிவத்தை அச்சடித்தது நானில்லை.

அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். "ஏஏ-ல அப்படித்தான் சொல்வாங்க" என்று வாதாடினார். 1935-இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பே மருந்து பற்றித் தனியாக ஒரு சிறு புத்தகம் போட்டிருக்கிறது. உறுப்பினர் யாரும் இன்னொருவருக்கு வைத்தியர் வேலை பார்க்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை.

இப்போது என் வகுப்பு மாத்திரையில்தான் தொடங்குகிறது. காலி அட்டைகளை மேசையில் பரப்பி, ஆளுக்கொன்று எடுத்து, இது போதை தருமா தராதா, திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று சொல்லச் சொல்கிறேன். பாதிப் பேர் டைசல்பிராமை எடுத்துவிட்டு முழிப்பார்கள். குடித்தால் வாந்தி, படபடப்பு வரவைக்கும் மாத்திரை அது. சாம்பாரில் தெரியாமல் கலந்து கொடுக்கும் வீடுகள் உண்டு. அப்படிக் கொடுப்பது உயிருக்கே ஆபத்து. காதில் குரல் கேட்கிற ஆளுக்கு அது நோயைக் கிளறிவிடவும் கூடும். 

மற்றதெல்லாம் எல்லாரும் நடத்துவதுதான். கடைசிக் குடிக்குப் பின் இரண்டு மூன்று நாளில் நடுக்கம், பிதற்றல், சுவரில் பூச்சி ஊர்வதுபோலத் தெரிந்தால் பைத்தியம் என்று கட்டிப்போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் போட வேண்டும். மில்லரும் ரோல்னிக்கும் வகுத்த மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங்குக்கு அரை நாள். குடிக்கிற காலத்துச் சோகத்தை வைத்து மனச்சோர்வு நோய் என்று முடிவு கட்டாமல், குடி நின்று சில வாரம் பார்க்கலாம். ஆனால் சாகத் தோன்றுகிறதா என்ற கேள்வியை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது, அதை நேராகவே கேட்கலாம்.

பீடியைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை. குளோசபைன் சாப்பிடும் ஆள் நாளைக்கு இரண்டு கட்டு பீடி குடிப்பார். அந்தப் புகை கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டி மருந்தைச் சீக்கிரம் கரைத்துவிடும். மருத்துவர் அதற்கேற்றபடிதான் அளவு வைத்திருப்பார். மையத்தில் சேர்ந்த அன்றே பீடியைப் பிடுங்கினால், அதே மாத்திரை ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். ஆள் எந்நேரமும் தூங்கி வழிவார், வாயில் எச்சில் ஒழுகும், வலிப்புகூட வரலாம். 'சோம்பேறி, யோகாவுக்கு எழ மாட்டேன் என்கிறான்' என்று பதிவேட்டில் எழுதியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பீடியை நிறுத்தும் முன் மருத்துவருக்கு ஒரு போன். அவ்வளவுதான்.

இன்னொரு எரிச்சல். 'மனநோயாளிகள் சேர்க்கப்பட மாட்டார்கள்' என்று மறுவாழ்வு மையம் போர்டு வைக்கிறது. 'முதலில் குடியை விட்டுவிட்டு வா' என்கிறது மனநல ஆஸ்பத்திரி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது, போதைப் பொருள் துர்ப்பயன்பாட்டோடு சேர்ந்த மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. போர்டு எழுதுகிறவர்கள் படிக்கிறார்களா என்ன.

போன மாதம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது மையத்துக்குள் எட்டிப் பார்த்தேன். நிர்வாகி ஊரில் இல்லை, நல்லதாகப் போயிற்று. அண்ணன் போனில் இருந்தார். "நேத்து எத்தனை மணிக்குப் படுத்தீங்க? எழுந்தது? மாத்திரை போட்டாச்சா?" கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். படிவம் பழைய படிவம்தான், ஒரே ஒரு கட்டம். அவர்தான் ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்துப் பேனாவால் இன்னும் இரண்டு கோடு இழுத்திருந்தார்.