அமிர்தியிலிருந்து ஜப்பானுக்கு: ஆங்கில இலக்கியம் படிக்க ஒரு வழிகாட்டி

ஆங்கிலம் படிக்க ஜப்பானா என்று ஊரில் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அங்கே இந்தப் படிப்புக்கு நூறாண்டைத் தாண்டிய வேர் இருக்கிறது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் லஃப்காடியோ ஹெர்ன் 1896 முதல் 1903 வரை ஆங்கில இலக்கியம் கற்பித்தார். அவருக்குப் பின் அங்கே பாடம் நடத்திய நட்சுமே சோசெகிதான் ஜப்பானின் பெரிய நாவலாசிரியர் ஆனார்.

வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, ஜவ்வாது மலையடியில் இருக்கும் அமிர்தி மாணவருக்கும் அந்த வகுப்பில் இடம் கிடைக்கலாம். பிளஸ் டூ முடித்த கையோடு கிளம்புவதைவிட, இங்கே பி.ஏ. முடித்து முதுகலைக்குப் போவதுதான் கைக்கு எட்டும் வழி. உதவித்தொகைகள் பலவும் அந்தக் கட்டத்தில்தான் கிடைக்கின்றன.

1. பயிற்று மொழியைப் பாருங்கள்

பலரும் இடறும் இடம் இது. ஜப்பானில் ஆங்கில இலக்கியத் துறை என்றால் எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும் என்று பொருளில்லை. ஷேக்ஸ்பியரை ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு, விவாதத்தையும் கட்டுரையையும் ஜப்பானிய மொழியில் வைத்துக்கொள்ளும் துறைகள் ஏராளம். முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும் படிப்புகள் வாசேதா, சோஃபியா போன்ற பல்கலைக்கழகங்களில் உண்டு. ஆனால் அவற்றில் பல, இலக்கியத்தை மற்றப் பாடங்களோடு சேர்த்துச் சொல்லித்தரும் பொதுக் கலைப் படிப்புகள். விண்ணப்பிக்கும் முன் பாடத்திட்டத்தை வரிவரியாகப் படியுங்கள்.

2. வேலூரில் அடித்தளம் போடுங்கள்

ஊரிசு கல்லூரி, முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, பெண்களுக்கு ஆக்சீலியம் கல்லூரி என வேலூரிலேயே பி.ஏ. ஆங்கிலம் படிக்கலாம். மதிப்பெண் முக்கியம். அதைவிட முக்கியம், உங்களைத் தெரிந்த ஒரு பேராசிரியர். பரிந்துரைக் கடிதம் அவரிடமிருந்துதான் வரவேண்டும். கல்லூரி முடிவதற்குள் சொந்தமாக ஒரு நீண்ட கட்டுரை எழுதி அவரிடம் திருத்தம் வாங்கிவிடுங்கள்.

3. முதலாண்டிலேயே ஜப்பானிய மொழியைத் தொடங்குங்கள்

ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜே.எல்.பி.டி. தேர்வு எளிய என்5 முதல் கடினமான என்1 வரை ஐந்து நிலை கொண்டது. ஜூலை, டிசம்பர் மாதங்களில் சென்னையில் எழுதலாம். அங்குள்ள ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் மையம் மொழியும் கற்பிக்கிறது. பி.ஏ. முடியும்போது என்4 அல்லது என்3 கையில் இருந்தால் நல்லது. ஜப்பானிய மொழியில் நடக்கும் முதுகலைக்கு அது போதாது. என்2, என்1 வரை ஏறவேண்டும்.

4. உங்களால் மட்டும் எழுத முடிந்த தலைப்பைத் தேடுங்கள்

விண்ணப்பத்தின் உயிர் ஆய்வுத் திட்டம். பொதுவாக ‘ஷேக்ஸ்பியர்’ என்று எழுதினால், உங்களை ஏன் ஜப்பானுக்கு அழைக்கவேண்டும் என்ற கேள்வி வரும். உதாரணத்துக்கு, தமிழில் பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டைத் தழுவி ‘அமலாதித்யன்’ எழுதினார். ஜப்பானில் சுபோச்சி ஷோயோ ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் அனைத்தையும் மொழிபெயர்த்தார். அவர் பெயரில் 1928இல் வாசேதாவில் நாடக அருங்காட்சியகமே எழும்பியது. இந்த இரண்டையும் ஒப்பிட்டு எழுதத் தமிழ் தெரிந்தவர் வேண்டும். அங்கே உங்கள் தாய்மொழிதான் உங்கள் தகுதி.

5. பணத்துக்கு மூன்று வாசல்கள்

முதலாவது, மெக்ஸ்ட் எனப்படும் ஜப்பான் அரசு உதவித்தொகை. ஆய்வு மாணவர் பிரிவில் கல்விக் கட்டணம், விமானச் செலவு, மாதம் சுமார் 1,43,000 யென் கிடைக்கும். தூதரகம் வழியாக விண்ணப்பித்து, எழுத்துத் தேர்வும் நேர்காணலும் தாண்டவேண்டும். முதற்கட்டத்தில் தேறிய பிறகு, ஜப்பானியப் பேராசிரியரிடம் ஏற்புக் கடிதம் கேட்கவேண்டும்.

இரண்டாவது, பழங்குடி மாணவர்களுக்கான மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை. முதுகலைக்கும் அதற்கு மேலும் ஆண்டுக்கு 20 பேருக்கு மட்டும். குடும்ப வருமான வரம்பு 6 லட்சம் ரூபாய். மலையாளி பழங்குடிச் சமூகத்து மாணவர்கள் இதைத் தவறவிடக்கூடாது.

மூன்றாவது, சொந்தச் செலவு. ஜப்பான் தேசியப் பல்கலைக்கழகங்களின் வழக்கமான கட்டணம் ஆண்டுக்கு 5,35,800 யென், சேர்க்கைக்கு 2,82,000 யென். தேவையுள்ளவர்களுக்குக் கட்டணச் சலுகையும் பல இடங்களில் உண்டு. அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணி நேரம் பகுதிநேர வேலை பார்க்கலாம். அதை மட்டும் நம்பிக் கிளம்பவேண்டாம்.

6. காகிதங்களை முன்கூட்டியே சேருங்கள்

பழங்குடிச் சான்றிதழ் தாசில்தாரிடம் முடிகிற காரியமில்லை. கோட்டாட்சியர் நிலையில்தான் வழங்குவார்கள், நாள் பிடிக்கும். முதலாண்டிலேயே விண்ணப்பியுங்கள். பாஸ்போர்ட்டிலும் மதிப்பெண் பட்டியலிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஒன்றுபோல் இருக்கட்டும். இடம் உறுதியானதும் பல்கலைக்கழகம் தகுதிச் சான்றுக்கு ஏற்பாடு செய்யும். விசா அதைக் காட்டித்தான்.

7. போன பிறகு

கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும். அங்கே படிப்பின் மையம் ‘செமி’ எனும் சிறு குழு வகுப்பு. ஒரு பேராசிரியர், சில மாணவர்கள், முறைவைத்து ஒவ்வொருவரும் கட்டுரை வாசிக்கவேண்டும். நோட்ஸ் வாங்கி மனப்பாடம் செய்து ஒப்பேற்ற முடியாது.

இந்தப் பாதையில் ஏதாவது ஒரு படியில் நின்றுவிட்டாலும் நஷ்டமில்லை. பி.ஏ. ஆங்கிலத்தோடு என்2 சான்றிதழ் வைத்திருப்பவரை ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஜப்பானிய நிறுவனங்கள் மொழிபெயர்ப்பு வேலைக்குத் தேடுகின்றன. அதனால் கல்லூரி சேர்ந்த முதல் மாதமே இரண்டு காரியங்களை முடித்துவிடுங்கள்: பழங்குடிச் சான்றிதழ் விண்ணப்பம், ஜப்பானிய எழுத்துப் பயிற்சி நோட்டு.