வாசிப்பு, விவாதம், இணையத் தேடல்: வகுப்புக்கு எந்த முறை?

ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு இன்று கற்பித்தல் முறைகளுக்குப் பஞ்சமில்லை. பயிற்சிக்குப் போனால் ஒன்று சொல்கிறார்கள், கையேட்டில் இன்னொன்று இருக்கிறது, யூடியூபில் பத்து கிடைக்கின்றன. எல்லாவற்றையும் செய்து பார்க்கப் பாடவேளை இடம் தராது. முறையைத் தேர்வதற்கு முன்பு பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று பார்த்துவிட்டால் பாதித் தேர்வு தானே முடிந்துவிடும்.

ஏழாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்குக் கீழே சொல்லப்போகும் எதுவும் உதவாது. அதற்கு எளிய புத்தகமும், தினமும் சத்தமாக வாசிக்கும் பழக்கமும், பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஓர் ஆளும் வேண்டும். தமிழக அரசுப் பள்ளிகளில் 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக வந்துள்ளன. வயதைப் பார்க்காமல் ‘நுழை’யிலிருந்தே தொடங்குங்கள்.

இன்னொரு வகைப் பிள்ளைகள் மடமடவென்று வாசிப்பார்கள். புத்தகத்தை மூடிவிட்டு ‘என்ன படிச்சே?’ என்று கேட்டால் விழிப்பார்கள். இவர்களுக்காகப் பெயர்பெற்ற முறைகள் இரண்டு. ஒன்று, பிரான்சிஸ் ராபின்சன் 1946இல் எழுதிய ‘எஸ்க்யூ3ஆர்’: மேலோட்டமாகப் பார், கேள்வி போடு, படி, பார்க்காமல் சொல், திரும்பப் பார். மற்றொன்று, அன்மேரி பாலின்சாரும் ஆன் பிரவுனும் 1984இல் வெளியிட்ட பரஸ்பரக் கற்பித்தல். இதில் சிறு குழுவில் பிள்ளைகள் முறைவைத்து அடுத்து வருவதை ஊகிப்பார்கள், கேள்வி கேட்பார்கள், புரியாததைத் தெளிவுபடுத்துவார்கள், சுருக்கிச் சொல்வார்கள்.

முதல் முறை கல்லூரி மாணவர்களுக்காக உருவானது. தனியாக உட்கார்ந்து படிக்கத் தெரிந்த பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மாணவர்களுக்குத் தேர்வு நேரத்தில் நன்றாகக் கைகொடுக்கும். ஆறு முதல் எட்டு வரை என்றால் நான் தயங்காமல் இரண்டாவதைத்தான் சொல்வேன். சரளமாக வாசித்தும் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்பு மாணவர்களிடம்தான் பாலின்சாரும் பிரவுனும் அதைச் சோதித்தார்கள். நம் வகுப்பின் சிக்கலும் அதுவேதான்.

பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டைப் பற்றி ஒரு பத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம். சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் சுவாச வேர்கள் என்று ஒரு வரி வருகிறது. சாதாரண வகுப்பில் அந்த வரி அப்படியே கடந்து போய்விடும். தெளிவுபடுத்தும் பொறுப்பில் இருக்கும் பிள்ளை இங்கே நிறுத்தும்: “வேர் மண்ணுக்குள்ளதானே டீச்சர் போகும்? இது ஏன் மேல வருது?” உடனே விடை சொல்லிவிடாதீர்கள். “முந்தின வரியில சேற்றைப் பத்தி என்ன போட்டிருக்கு, பாருங்க” என்று திருப்பிவிடுங்கள். தண்ணீர் தேங்கிய சேற்றில் காற்று குறைவு என்பது அங்கே இருக்கும். “அப்போ மூச்சு வாங்கத்தான் மேல வருது” என்று இன்னொரு பிள்ளை சேர்த்துச் சொல்லும். இரண்டு வரிகளை இப்படி முடிச்சுப் போடுவதுதான் வாசிப்பு. பொறுப்புகளைப் பிரித்துக் கொடுத்ததோடு ஆசிரியர் ஒதுங்கிவிட்டால் இது சடங்காகிவிடும். சுருக்கம் சொல்ல வேண்டிய பிள்ளை முதல் வரியையே ஒப்பிக்கும். தொடக்க வாரங்களில் ஆசிரியரே வாய்விட்டு யோசித்துக் காட்ட வேண்டும்.

எந்த முறையாலும் ஈடுகட்ட முடியாத ஒன்றும் உண்டு. டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் 1988இல் அமெரிக்காவில் 64 மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பத்தியைக் கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஆகவே கடலையே பார்க்காத ஊரில் சுரபுன்னைப் பாடம் எடுப்பவர் முதல் ஐந்து நிமிடத்தைப் படத்துக்கும் பேச்சுக்கும் கொடுத்துவிட்டுப் பிறகு புத்தகத்தைத் திறக்கட்டும்.

சிந்திக்கப் பழக்குவது என்றதும் நம் பள்ளிகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது பட்டிமன்றம். மேடைக் கூச்சம் போக அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் தன் அணிக்குச் சாதகமான குறிப்புகளை மட்டும் திரட்டும் பிள்ளைக்கு எதிர்த்தரப்பில் நியாயம் இருக்கலாம் என்று யோசிக்கவே வாய்ப்பில்லாமல் போகிறது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் சகோதரர்கள் வகுத்த முறையில் நாலு பேர் குழுவில் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து வாதாடுவார்கள். பிறகு பக்கம் மாறி எதிர்த்தரப்புக்காகப் பேசுவார்கள். கடைசியில் நாலு பேரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வருவார்கள். ஆண்டு விழாவுக்குப் பட்டிமன்றம் இருக்கட்டும். வகுப்பறைக்கு இதுதான் பொருத்தம்.

இணையத் தேடலில்தான் தவறான தேர்வு அதிகம் நடக்கிறது. பல இடங்களில் கொடுக்கப்படுவது சரிபார்ப்புப் பட்டியல்: தேதி இருக்கிறதா, எழுதியவர் பெயர் இருக்கிறதா, நோக்கம் என்ன என்று வரிசையாக டிக் அடிப்பது. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிக்கோ வளாக நூலகத்தில் 2004இல் உருவான ஐந்து தலைப்புப் பட்டியல் இவற்றில் பிரபலமானது. பட்டியலின் குறை, பிள்ளையை அதே பக்கத்திலேயே உட்கார வைப்பது. ஏமாற்ற நினைப்பவருக்குத் தேதியும் பெயரும் முத்திரையும் போடுவது பெரிய காரியமா?

ஸ்டான்ஃபோர்டின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 10 வரலாற்று ஆய்வாளர்கள், 10 செய்திச் சரிபார்ப்பாளர்கள், 25 ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஆகியோர் இணையதளங்களை எப்படி எடைபோடுகிறார்கள் என்று கவனித்தார்கள். முனைவர் பட்டம் பெற்றவர்களே பலநேரம் முத்திரையையும் தள முகவரியையும் நம்பிவிட்டார்கள். சரிபார்ப்பாளர்களோ அந்தப் பக்கத்தை விட்டுச் சட்டென்று வெளியேறி, வேறு டேப்களைத் திறந்து, அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்களும் அவர்களே.

வகுப்பில் இதைக் காட்ட, தீபாவளிதோறும் வாட்ஸ்அப்பில் வரும் படம் ஒன்று போதும்: ‘தீபாவளி இரவில் இந்தியா, நாசா எடுத்தது’ என்று வண்ண வண்ண விளக்குகளோடு வருமே, அதுதான். பட்டியலை வைத்துப் பார்த்தால் நாசா பெயர் இருக்கிறது, தேதியும் பொருந்துகிறது, தேறிவிடும். கூகுள் லென்ஸில் போட்டால் நாசாவின் 2012ஆம் ஆண்டு விளக்கத்துக்கே வழி கிடைக்கும். மக்கள்தொகைப் பெருக்கத்தைக் காட்ட, பல ஆண்டுச் செயற்கைக்கோள் தரவுகளைச் சேர்த்து அமெரிக்க விஞ்ஞானி கிறிஸ் எல்விட்ஜ் 2003இல் உருவாக்கிய படம் அது. வெள்ளை 1992க்கு முன்பே தெரிந்த விளக்குகள்; நீலம் 1992, பச்சை 1998, சிவப்பு 2003. படம் உண்மையானது, தலைப்புதான் பொய் என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கட்டும். ஏஐ தரும் பதிலுக்கும் இதே பழக்கம்தான்: அதை அங்கேயே நம்பாமல், வெளியே வந்து மூலத்தைத் தேட வேண்டும்.

ஹைடெக் லேப் கிடைக்கவில்லை என்றால் தேடல் முடிவுப் பக்கத்தை அச்செடுத்துக் குழுவுக்கு ஒன்று கொடுங்கள். ‘இதில் எதை முதலில் திறப்பாய், ஏன்?’ என்று கேளுங்கள். இந்தப் பயிற்சிக்கு நெட் தேவையில்லை.

என் பரிந்துரை இது. ஆறு முதல் எட்டு வரை வாரம் ஒரு பாடவேளை பரஸ்பரக் கற்பித்தல். ஒன்பதிலிருந்து மாதம் ஒருமுறை பக்கம் மாறும் விவாதம். பக்கத்தை விட்டு வெளியேறிச் சரிபார்க்கும் பழக்கத்துக்குப் பத்து நிமிடம் போதும், எல்லா வகுப்புக்கும் கொடுங்கள். எடுத்ததை அரையாண்டுத் தேர்வு வரையாவது மாற்றாதீர்கள்.