நூலகர் அறிவும் ஊராரின் உடைமையே

நூல் நிலையத்தின் செல்வம் யாது என வினவினால், அலமாரியிலுள்ள நூல்களே என்று பலரும் விடை கூறுவர். அவ்விடை பாதியளவே பொருந்தும். எந்நூலில் எச்செய்தி உள்ளது, எவருக்கு எந்நூல் பயன்படும் என்பதை அறிந்த நூலகரின் அனுபவமே மற்றொரு பாதியாகும். நூல்கள் பதிவேட்டில் ஏறுகின்றன, அவ்வனுபவமோ ஏறுவதில்லை. நூலகர் பணிவிட்டுச் சென்றால் அதுவும் அவருடன் சென்றுவிடுகிறது.

சீர்காழியில் தோன்றிய பேரறிஞர் சீ. இரா. அரங்கநாதன் அவர்கள் 1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். தாம் கற்றதைத் தம்மளவில் வைத்துக்கொள்ளாது பிறர்க்கும் பயிற்றுவித்தார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. அடுத்த ஆண்டே அதன் சார்பில் நூலகர் பயிற்சி தொடங்கியது. 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள், வாசகரின் நேரம் வீணாகலாகாது என்பதும் ஒன்று.

இவ்விதி நம் சிற்றூருக்கும் உரியதே. தென்னையைக் காண்டாமிருக வண்டு தாக்குகிறது என்று உழவர் ஒருவர் நூல் கேட்டு வருவதாகக் கொள்வோம். இவ்வண்டின் புழு எருக்குழியில் வளர்வது. ஆகவே தென்னை பற்றிய நூலோடு எரு பற்றிய நூலையும் புரட்டவேண்டும். ஒரு நூலகர் இதனை அரைநாள் தேடிக் கண்டறிகிறார். அண்டை ஊரில் அதே வினா எழும்போது, அங்குள்ளவரும் அரைநாள் தேடுவதா? அதற்குள் குருத்து கெட்டுவிடுமன்றோ!

இக்குறையைக் களைய மூன்று வழிகளைக் கூற விரும்புகிறோம்.

முதலாவது, வினா ஏடு. வாசகர் கேட்ட வினா, விடை கிடைத்த நூல், பக்க எண் ஆகியவற்றை அன்றன்றே எழுதிவைத்தல் வேண்டும். விடை கிடைக்காத வினாவையும் குறித்தல் நன்று. அடுத்து வாங்கவேண்டிய நூல் எது என்பதை அது காட்டும்.

இரண்டாவது, மாதக் கூட்டம். அண்டை ஊர் நூலகர்கள் திங்களுக்கொருமுறை கிளை நூலகத்தில் கூடி, தத்தம் ஏடுகளை ஒப்புநோக்கலாம். விடை காணாத வினாக்களை மாவட்ட மைய நூலகத்திற்கு அனுப்பலாம். கைபேசியில் உடனுக்குடன் வினவுவதும் எளிதே. எனினும் கிடைத்த விடையை ஏட்டில் ஏற்றாவிடில் அது நாளடைவில் மறைந்துபோகும்.

மூன்றாவது, பொறுப்பு ஒப்படைப்பு. பழைய நூலகர் சாவியை மட்டும் கொடுத்துச் செல்லாமல், சில நாட்கள் புதியவருடன் அமர்ந்து, வாசகரின் தேவைகளை எடுத்துரைத்தல் வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. 1948-ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின்படி, ஊர்மக்கள் வீட்டுவரியுடன் நூலக வரியும் செலுத்துகின்றனர். 2006-இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தால் ஊராட்சிகள்தோறும் நூலகங்கள் எழுந்தன. மக்கள் பணத்தால் வளரும் நூலகத்தில் சேரும் அறிவு மக்களுக்கே உரியது. ஏட்டிற்கும் கூட்டப் பயணத்திற்கும் ஆகும் செலவு சிறிது. பூட்டிக் கிடக்கும் நூலகத்தால் விளையும் இழப்போ பெரிது. உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதனை ஆராய்ந்து முடிவு செய்வார்களாக. உழவர் பெருமக்களும் தயங்காது நூலகம் சென்று தம் ஐயங்களை வினவுவார்களாக. வினா எழுந்தாலன்றி ஏடு நிரம்பாது.