கடனைச் சொல்வதா, மறைப்பதா?

ஜனாஸாத் தொழுகைக்கு ஸஃபுகள் கட்டி நிற்கும் நேரம். மையித்தின் மகனோ சகோதரரோ முன்னால் வந்து, "மர்ஹூம் அவர்கள் யாருக்கேனும் கடன் கொடுக்க வேண்டியிருந்தால் எங்களிடம் வந்து சொல்லுங்கள், நாங்கள் பொறுப்பு" என்று அறிவிப்பதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். சிறந்த வழக்கம், அது நிலைத்திருக்க வேண்டும். ஆனால் அப்படி அறிவிக்கிற பிள்ளையின் நிலையை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? எதற்குப் பொறுப்பேற்கிறோம் என்பது பல சமயங்களில் அவனுக்கே தெரியாது.

நம் சிலிம் ரிவரில் நாம் அறிந்த ஒரு கடைக்காரர் மௌத்தானார். நாணயஸ்தர், எவரிடமும் கடிந்து பேசாதவர். கல்லாப்பெட்டியைத் திறந்து பார்த்த மகனுக்கு '555' கொப்பிகள் நான்கு கிடைத்தன. யார் யார் கடைக்குப் பாக்கி என்பது அவற்றில் காசு சுத்தமாக எழுதப்பட்டிருந்தது. ஆனால் கடைக்காரர் பிறருக்குக் கொடுக்க வேண்டியது எங்கும் ஒரு வரிகூட இல்லை. ஒரு மாதத்துக்குள் ஏழு பேர் வந்தார்கள். அவர்களில் மூவரிடமே சீட்டு இருந்தது. மற்ற நால்வர் சொன்னது மெய்யா, கூட்டிச் சொன்னதா என்று கேட்க அந்தப் பிள்ளைக்கு வாயில்லை, மறுக்கவும் மனமில்லை. அவருடைய மனைவி சொன்ன ஒரே வார்த்தை: "என்னிடம் சொல்லியிருக்கலாமே!"

இந்த வார்த்தையைத்தான் இந்த மாதப் பாடத்தின் பொருளாக நாம் எடுத்துக்கொள்கிறோம். கடனில் இருக்கும் வியாபாரி அதைக் குடும்பத்தாரிடமும் நண்பரிடமும் சொல்ல வேண்டுமா? சொன்னால் யாரிடம், எவ்வளவு, எப்போது?

மறைப்பதற்குச் சொல்லும் காரணம்

கடனை மறைப்பவரெல்லாம் வஞ்சகர் அல்லர். நம் தொழிலே கடனில் ஓடுகிற தொழில். ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்த காலத்தில், தொழிலாளிக்குச் சம்பள நாள் வரை அரிசியும் பருப்பும் கடனாகக் கொடுத்தோம். அந்தச் சரக்கை ஈப்போவிலிருந்த மொத்த வியாபாரியிடம் நாமும் கடனாகவே வாங்கினோம். ரப்பர் மரம் இலை உதிர்க்கும் மாதங்களில் பால் குறையும். தொழிலாளியின் கூலி குறையும். '555' கொப்பியில் பாக்கி ஏறும். மொத்த வியாபாரியின் தவணை மட்டும் நிற்காது. கொரியப் போரின்போது 1950, 1951-ல் வானளாவ ஏறிய ரப்பர் விலை பின்னர் இறங்கியபோது இப்படி இரு பக்கமும் நசுங்கியவர்கள் நம்மவரில் பலர். 1994-ல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டதும், ஊர் நடுவே போய்க்கொண்டிருந்த ஈப்போ, கோலாலம்பூர் வாகனங்களில் பெரும்பகுதி வேறு வழியே போய்விட்டன. கடன்படுவது வியாபாரத்தில் எப்போதும் குற்றமாகாது என்பதற்கே இவற்றைச் சொல்கிறோம்.

வியாபாரி அஞ்சுவது வேறொன்றுக்கு. "இன்னார் கடை ஆட்டம் காண்கிறது" என்ற பேச்சு ஒரு தேநீர்க் கடையில் கிளம்பினால் போதும், மாதக் கணக்கில் பொறுத்திருந்த கடன்காரர்கள் ஒரே காலையில் வந்து நிற்பார்கள். நின்றிருக்க வேண்டிய கடை அந்தப் பேச்சினாலேயே விழுந்துவிடும். இந்த அச்சம் பொய்யல்ல. ஆகவே கடனைச் சந்தையில் பறையடிக்கச் சொல்வது நம் நோக்கமன்று. ஆனால், ஊரிடம் மறைப்பதற்குச் சொல்லும் இந்தக் காரணத்தையே வீட்டிடம் மறைப்பதற்கும் நாம் சொல்லிக்கொள்கிறோமே, அங்கேதான் தவறு நுழைகிறது.

ஜுபைர் (ரலி) அவர்கள் செய்தது

இதற்கு ஸஹீஹுல் புகாரியில் தெளிவான முன்மாதிரி இருக்கிறது. நபித்தோழர் ஜுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களிடம் மக்கள் தங்கள் பணத்தை அமானிதமாக வைக்க வருவார்கள். அமானிதம் தவறிப்போனால் வைத்தவருக்கு நஷ்டமாகுமே என்று அஞ்சி, "இது என்மேல் கடனாக இருக்கட்டும்" என்று அவர்கள் வாங்கிக்கொள்வார்கள். இப்படி, பிறர் நன்மையைக் கருதிச் சேர்ந்த கடன், இருபத்திரண்டு இலட்சம் ஆயிற்று.

ஹிஜ்ரி 36 (கி.பி. 656), ஜமல் யுத்த நாள். தாம் அன்று கொல்லப்படக்கூடும் என்று உணர்ந்த ஜுபைர் (ரலி) அவர்கள், தம் மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்களைப் பக்கத்தில் அழைத்தார்கள். தம்மை வாட்டும் பெருங்கவலை தம் கடனே என்றார்கள்; சொத்தை விற்று அதைத் தீர்க்குமாறு பணித்தார்கள்; முடியாத இடத்தில் தம் எஜமானனிடம் உதவி தேடுமாறு சொன்னார்கள். எஜமானன் யார் என்று மகன் கேட்க, அல்லாஹ் என்று விடையளித்தார்கள். போர்க்களத்தின் நடுவிலும் அந்த வீரருக்கு வீட்டாரிடம் சொல்லியே ஆகவேண்டிய செய்தியாக இருந்தது கடன்தான் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

தகப்பனார் ஷஹீதான பின் நடந்தது நமக்கு இரண்டாவது பாடம். ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் வந்து கடன் எவ்வளவு என்று விசாரித்தார்கள். அவர்களும் ஜுபைர் (ரலி) அவர்களும் அன்னை கதீஜா (ரலி) அவர்களுக்குச் சகோதரர் மக்கள். அவ்வளவு நெருங்கிய உறவு. இருந்தும் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் தொகையை மறைத்து, ஒரு இலட்சம் என்றார்கள். அதற்கே உங்கள் சொத்து போதாதே என்று ஹகீம் (ரலி) வருந்தவும், இருபத்திரண்டு இலட்சமாக இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று முழுத் தொகையையும் வெளியிட்டார்கள். உம்மால் இதைச் சுமக்க இயலாது, முடியாத பங்குக்கு என்னிடம் வாரும் என்ற சொல் அப்போதுதான் ஹகீம் (ரலி) அவர்களிடமிருந்து வந்தது. பாதியைச் சொன்னபோது வராத ஆதரவு, முழுவதையும் சொன்னபோது வந்தது.

மூன்றாவது பாடமும் உண்டு. ஜுபைர் (ரலி) ஒரு இலட்சத்து எழுபதாயிரத்துக்கு வாங்கியிருந்த ஃகாபா என்ற நிலம் பதினாறு இலட்சத்துக்கு விலைபோனது. மதீனாவில் பதினொரு வீடுகளும், பஸராவிலும் கூஃபாவிலும் மிஸ்ரிலும் வீடுகளும் இருந்தன. சொத்து கடனுக்குப் போதுமானதாகவே இருந்தது. கடன் தீர்ந்ததும் வாரிசுகள் பங்கு கேட்டார்கள். அப்துல்லாஹ் (ரலி) இணங்கவில்லை. நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் நின்று, ஜுபைரிடம் கடன் வரவேண்டியவர் வந்து பெற்றுக்கொள்க என்று அறிவித்த பின்னரே பங்கு பிரித்தார்கள். தகப்பனார் முன்கூட்டியே சொல்லி வைத்ததால், மகன் கடனைப் பற்றி அறிவிக்க நாணவில்லை.

யாரிடம் சொல்வது?

கடன் யார் தலையில் வந்து விழுமோ, அவர் அதை முன்னமே அறிந்திருக்க வேண்டும். இதுவே நம் அளவுகோல்.

முதலாவது, மனைவியும் வயதுவந்த மக்களும். ஒருவர் மௌத்தானால் அவர் விட்டுச் சென்ற பொருளில் அடக்கச் செலவு போக, கடனைத் தீர்த்து, வஸிய்யத்தை நிறைவேற்றிய பின்னரே வாரிசுகளுக்குப் பங்கு என்பது ஷரீஅத்தின் ஒழுங்கு. கடனை மறைப்பவர், வாரிசுகளுக்கு இல்லாத பங்கை இருப்பதாகக் காட்டுகிறார். மனைவி அக்கரையில் ஊரில் இருக்கிறாள், கேட்டால் கவலைப்படுவாள் என்பார்கள். கவலைப்படுவாள்தான். ஆனால் ஊரில் அவள் மாடி எழுப்பவும் மகளின் கல்யாணத்துக்குத் தேதி குறிக்கவும் திட்டமிடுவது, நாம் அனுப்பும் பணத்தை இலாபமென்று நம்பித்தான். அது கடன் வாங்கி அனுப்பிய பணம் என்று தெரிந்தால் அவளே கையைச் சுருக்கிக்கொள்வாள்.

இரண்டாவது, ஜாமீன் நின்றவர். 2017 அக்டோபர் 6 முதல் நடப்புக்கு வந்த சட்டத்திருத்தத்தின்படி, கல்விக் கடனுக்கோ, சொந்த உபயோக வாகனத்துக்கோ, குடியிருக்கும் வீட்டுக்கோ பிரதிபலன் பெறாமல் ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது. வியாபாரக் கடனுக்கு நின்றவருக்கு இந்த முழுக் காப்பு இல்லை. தவணை இரண்டு தவறும்போதே அவருக்குச் சொல்லிவிடுவது நம் கடமை.

மூன்றாவது, கடன் கொடுத்தவர். "இந்த மாதம் முடியாது, பாதி தருகிறேன், மீதி இன்ன தேதியில்" என்று தவணைக்கு முன்னால் போய்ச் சொல்பவரின் நாணயம் குறைவதில்லை. கடன்காரரைக் கண்டதும் பின்வாசல் வழியே போகிறவரின் நாணயம் அன்றே போயிற்று. கஷ்டப்படுகிறவருக்கு அவகாசம் கொடுக்கும்படி அல்-பகரா அத்தியாயத்தின் 280-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. நம் கஷ்டம் அவருக்குத் தெரிந்தாலல்லவா அவர் அவகாசம் கொடுப்பார்?

நான்காவது, ஒரே ஒரு நண்பர். கணக்குத் தெரிந்தவராகவும், கேட்டதை வெளியே விடாதவராகவும் இருக்க வேண்டும். கைமாற்றுக் கேட்பதற்காக அன்று, யோசனை கேட்பதற்காகவே அவரிடம் போகவேண்டும். கேட்பவருக்கும் கடமை உண்டு. ஒருவர் நம்பிச் சொன்ன கடன் நம்மிடம் அமானிதம். அதைத் தேநீரோடு பரிமாறுவது மோசடி.

எவ்வளவு சொல்வது?

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். கடைக்காரர் ஒருவர் மொத்த வியாபாரிக்கு 14,000 வெள்ளியும், வங்கிக்கு 18,000 வெள்ளியும், கைமாற்றாக 6,000 வெள்ளியும், ஆக 38,000 வெள்ளி கொடுக்க வேண்டும். வெளிப்பாக்கி 9,500, சரக்கு 16,000. துண்டு விழுவது 12,500 வெள்ளி. அவர் வெட்கப்பட்டு நண்பரிடம் "ஐயாயிரம் இருந்தால் நிமிர்ந்துவிடுவேன்" என்கிறார். நண்பரும் கொடுக்கிறார். அது ஒரு தவணைக்குப் போய்விடுகிறது; மூன்று மாதத்தில் மறுபடி கேட்க முகமில்லை. முழுக்கணக்கையும் காட்டியிருந்தால், "சரக்கைக் குறை, வங்கியிடம் தவணையை நீட்டிக் கேள்" என்று நண்பர் சொல்லியிருப்பார். அந்த யோசனை ஐயாயிரத்தைவிட மேலானது.

எப்போது சொல்வது?

தானாக வெளிப்படுவதற்கு முன்னால். ஏனெனில் நாம் மறைத்தாலும் கடன் மறைந்திருப்பதில்லை. உரிமம் பெற்ற கடன் கொடுப்போர் அடமானத்துக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 12, அடமானமில்லாததற்கு 18-க்கு மேல் வட்டி வாங்கச் சட்டம் இடம் தருவதில்லை; வட்டி ஹராம் என்பது அதற்கும் மேலான சட்டம். இரண்டையும் மீறி, வீட்டாருக்குத் தெரியாமல் ஆலோங்கிடம் போகிறவர், குடும்பத்தாரின் தொலைபேசி எண்களைத் தம் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார். தவணை தவறினால் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம். மனைவிக்குக் கணவர் சொல்ல வேண்டியதை அந்தச் சாயம் சொல்கிறது, அண்டை வீட்டார் பார்க்க.

கடன் ஒரு இலட்சம் வெள்ளியை எட்டினால் கடன் கொடுத்தவர் திவால் வழக்குத் தொடுக்கலாம் என்பது 2021 செப்டம்பர் முதல் உள்ள சட்டம். திவாலானவர் அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியே போகமுடியாது. ஊரில் மகளுக்கு நிக்காஹ் வைத்துவிட்டு, விமான நிலையத்தில் தடுக்கப்பட்ட பிறகா குடும்பத்துக்குச் செய்தி போகவேண்டும்? தனியாட்களின் கடன் தவணைகளை மாற்றியமைக்க உதவும்பொருட்டு பேங்க் நெகாரா 2006-ல் ஏற்படுத்திய ஏ.கே.பி.கே. என்ற நிறுவனம் கட்டணமின்றி ஆலோசனை தருகிறது. அங்கே போவதும் சொல்வதில் ஒரு வகையே. அங்கேயும் முழுக்கணக்கைக் காட்டினால்தான் பயன்.

இன்றிரவு செய்ய வேண்டியது

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்-பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம், கடனை எழுதி வைப்பது பற்றியது. ஆகவே சொல்வதற்கு நா எழாதவர் முதலில் எழுதட்டும். பாக்கி எழுதுகிற அதே '555' கொப்பியில் புதிதாய் ஒன்றை எடுத்து, நாம் கொடுக்க வேண்டியதை எழுதுவோம். யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்குள், சாட்சி யார், சீட்டு எங்கே என்று ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரி. எழுதி முடித்ததும் அந்தக் கொப்பியை மனைவி கையிலோ மூத்த மகன் கையிலோ கொடுப்போம். ஊரில் இருப்பவர்களுக்குப் படி எடுத்து அனுப்புவோம். கொடுக்கும்போது வார்த்தை வராவிட்டால், வாசிக்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருப்போம், அது போதும்.

நம் ஜனாஸாவின் முன்னால் நம் பிள்ளை ஒருநாள் நின்று அறிவிக்கத்தான் போகிறான். அன்று அவன் கையில் கணக்கோடு நிற்கட்டும். அல்லாஹ் நம் அனைவரின் கடன்களையும் நம் ஆயுளிலேயே தீர்த்துவைப்பானாக, ஆமீன்.