பூட்டானுக்குப் புறப்படும் பைக்: ரயிலடியில் தொடங்கும் கட்டுக்கதைகள்

சென்னையிலிருந்து சிலிகுரிக்குச் சாலை வழியாகப் போனால் 2,200 கிலோமீட்டருக்கு மேல். விஜயவாடா, விசாகப்பட்டினம், புவனேஸ்வர் என்று லாரிகளுக்கு நடுவே நாலைந்து நாள் வெயிலில் காய்ந்த பிறகுதான் மலையே கண்ணில் படும். பத்து நாள் லீவு வாங்கியவருக்கு இது கட்டுப்படியாகாது. அதனால்தான் பூட்டானுக்கோ நேபாளத்துக்கோ போகிற நம்மூர் பைக்காரர்கள் பலர் வண்டியை ரயிலில் ஏற்றி, சிலிகுரியை ஒட்டிய நியூ ஜல்பைகுரியில் இறக்கிக்கொள்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் இதைப் பற்றி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிற பேச்சில் பாதியை நம்பினால் பயணம் பார்சல் ஆபீஸ் வாசலிலேயே முடிந்துவிடும்.

"நமக்கு டிக்கெட் இருந்தால் வண்டியும் அதே ரயிலில் வந்துவிடும்" என்பார்கள். வரலாம், ஆனால் உத்தரவாதம் கிடையாது. பயணச்சீட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிவு செய்தால் அதே ரயிலில் ஏற்றப் பார்ப்பார்கள். பயணச்சீட்டு இல்லாமல் பார்சலாக அனுப்பினால் இடம் கிடைக்கும்போது போகும். இரண்டும் போவது கார்டு பெட்டியோடு சேர்ந்த சரக்கு அறையில்தான். அந்த இடத்தில் ஒரு பகுதியை ரயில்வே தனியாருக்குக் குத்தகைக்கு விடுவதும் உண்டு. மீன் பெட்டியும் துணி மூட்டையும் முந்திக்கொண்டால் உங்கள் வண்டி நடைமேடையிலேயே நிற்கும். சென்னை சென்ட்ரலிலிருந்து நியூ ஜல்பைகுரிக்கு நேரடியாகப் போகும் எக்ஸ்பிரஸ் வாரம் ஒருமுறை ஓடுவது என்பதை நினைத்துப் பார்த்தால் நிலைமை புரியும். இடைவழி நிலையங்களில் ஏற்றுவது இன்னும் சிக்கல். ரயில் நிற்கிற சில நிமிடத்தில் 195 கிலோ புல்லட்டைத் தூக்கி உள்ளே தள்ள வேண்டும். ரயில் புறப்படுகிற நிலையத்தில், சில நாள் முன்கூட்டியே பார்சலாகப் போட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. வண்டி முன்னால் போய்ச் சேர்ந்து கிடந்தால் வார்ஃபேஜ் என்று மணிக்கணக்கில் ஒரு கட்டணம் ஏறும். கட்டிவிட்டுப் போகலாம். நியூ ஜல்பைகுரியில் வண்டிக்காக இரண்டு நாள் லாட்ஜில் உட்கார்ந்திருப்பதைவிட அது மலிவு.

அடுத்தது பெட்ரோல். "ஒரு லிட்டர் விட்டு வையுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள்?" இந்த அறிவுரையைச் சொல்கிறவர் உங்கள் நண்பராக இருக்க முடியாது. டேங்க் காலியாக இருக்க வேண்டும் என்பது விதி. எரியும் பொருளைச் சட்டவிரோதமாக ரயிலில் ஏற்றினால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் இருக்கிறது. பார்சல் ஆபீஸ் வாசலில் வண்டியைக் கட்டுகிற ஆட்கள் டேங்கைக் காலி செய்வதில் கைதேர்ந்தவர்கள். ட்யூப் விட்டு பெட்ரோலை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஹெட்லைட்டுக்கும் டேங்குக்கும் அட்டையும் வைக்கோலும் வைத்து, கோணிச் சாக்கைப் போர்த்தி, கோணி ஊசியில் சணல் கோத்துத் தைப்பார்கள். இண்டிகேட்டரை மட்டும் யாரும் காப்பாற்ற மாட்டார்கள். கண்ணாடிகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வது உங்கள் வேலை. ஹேண்டில் லாக் போடாதீர்கள். உருட்ட முடியாத வண்டியை இழுத்துத்தான் ஏற்றுவார்கள். போய்ச் சேரும் நிலையத்தின் பெயரைச் சாக்கின் மேல் இரண்டு பக்கமும் எழுதச் சொல்லுங்கள். அங்கே இறங்கியதும் பெட்ரோல் பங்க் வரை தள்ளிக்கொண்டு போகவும் தயாராக இருங்கள்.

"ரசீது கையில் இருக்கிறது. வண்டிக்கு ஏதாவது ஆனால் முழுப் பணத்தையும் ரயில்வே கொடுத்துவிடும்." இதுதான் எல்லாவற்றிலும் விலை உயர்ந்த நம்பிக்கை. பதிவு செய்யும்போது வண்டியின் மதிப்பை எழுதிக்கொடுத்து அதற்கான கூடுதல் கட்டணத்தைக் கட்டாவிட்டால், ரயில்வேயின் பொறுப்பு எடைக் கணக்கில் சுருங்கிவிடும். 1990ஆம் ஆண்டு விதிகளின்படி பார்சலுக்குக் கிலோவுக்கு 50 ரூபாய், லக்கேஜுக்கு 100 ரூபாய். 195 கிலோ வண்டி பார்சலில் போய்த் தொலைந்தால் அதிகபட்சம் 9,750 ரூபாய். ஆகவே மதிப்பை எழுதுங்கள். நஷ்ட ஈடு கேட்பதென்றால் 6 மாதத்துக்குள் எழுத்துமூலம் கேட்டாக வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

எல்லைக்கு வருவோம். ரயில் நம்மை வெளிநாட்டில் இறக்கிவிடாது. பூட்டானுக்குள் ரயிலே இல்லை. நியூ ஜல்பைகுரியிலிருந்து ஜெய்காவ் வரை ஏறக்குறைய 150 கிலோமீட்டர் ஓட்டிப் போனால் எதிரே ஃபுன்ட்ஷோலிங் வாயில். நேபாளத்துக்கு பானிடாங்கி வழியாகக் கிழக்குப் பக்கம் நுழையலாம். போக்ரா பக்கம் போகிறவர்கள் ரப்திசாகர் எக்ஸ்பிரஸில் கோரக்பூர் வரை வண்டியை அனுப்பி, அங்கிருந்து சோனாலி எல்லைக்கு ஓட்டுவது வசதி.

"ஆதார் இருந்தால் போதும்" என்று கிளம்பியவர்கள் ஃபுன்ட்ஷோலிங்கில் திரும்பியிருக்கிறார்கள். பூட்டான் கேட்பது பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை. "இந்தியர்களுக்கு அங்கே எல்லாம் இலவசம்" என்பதும் பழைய கதை. 2022 செப்டம்பரிலிருந்து ஒருவருக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணம். 7 இரவு தங்கினால் 8,400. வண்டிக்குத் தனி அனுமதி வேறு.

எதிர்த் திசையில் பயமுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். லட்சக்கணக்கில் டெபாசிட் கட்டி 'கார்னே' என்ற சுங்க ஆவணம் வாங்க வேண்டும் என்பார்கள். இந்தியப் பதிவெண் வண்டிக்கு நேபாளத்திலும் பூட்டானிலும் அது தேவையில்லை. நேபாள எல்லையில் 'பன்சார்' என்று நாள் கணக்கில் சுங்கக் கட்டணம் கட்டினால் விட்டுவிடுவார்கள். நம் ஓட்டுநர் உரிமமும் இரண்டு நாட்டிலும் செல்லும்.

பலரும் கோட்டை விடுகிற இடம் இன்ஷூரன்ஸ். "பாலிசி நடப்பில்தானே இருக்கிறது" என்பார்கள். அது இந்திய எல்லைக்குள் மட்டும். பூட்டானின் செலே லா கணவாய் 3,988 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த வளைவுகளில் வண்டி சறுக்கி எதிரில் வருகிறவர்மேல் மோதினால் உங்கள் பாலிசி அங்கே வெறும் காகிதம். இதற்கு வழி இருக்கிறது. பாலிசியின் நிலப்பரப்பை நேபாளம், பூட்டான், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு ஆகிய நாடுகளுக்கு நீட்டிக்க ஐ.எம்.டி.-1 என்ற ஒப்புதல் குறிப்பு உண்டு. அதற்கான கூடுதல் பிரீமியம் சொற்பம். கவுண்டரில் இருப்பவருக்கே தெரியாமல் போகலாம், "அப்படியெல்லாம் இல்லை சார்" என்பார். எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். வண்டியைச் சாக்கில் தைப்பதற்கு முன்பே அந்தக் காகிதம் உங்கள் பையில் இருக்க வேண்டும்.