நூலகர்கள் கற்ற 23 விடயங்களும் நமது கடைகளும்

வவுனியாவிலிருந்து மன்னார் வீதியால் பூவரசங்குளம் சந்திவரை ஒரு நாள் நடந்து பாருங்கள். எந்தக் கடையிலும் ஒரு கைத்தொலைபேசி இருக்கும். அநேகமான கடைகளில் அதை உண்மையாகப் பயன்படுத்தத் தெரிந்தவர் முதலாளி அல்லர். மகனோ, மருமகனோ, கடையில் நிற்கும் பையனோதான். கொழும்புக்குக் காசு அனுப்புவதும், மொத்த வியாபாரியின் விலைப்பட்டியலைத் திறந்து பார்ப்பதும், வங்கியின் செயலிக்குரிய கடவுச்சொல்லை வைத்திருப்பதும் அவர்தான். "நமக்கு எதற்கு இந்த வயதில், பிள்ளை பார்த்துக்கொள்வான்" என்று நானாமார் சொல்வதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம்.

பிள்ளை கட்டாருக்குப் போய்விட்டால்? பையன் வேறு கடைக்கு மாறிவிட்டால்? முப்பது வருடம் நடந்த வியாபாரத்தின் சாவி அன்றைக்கு நம் இடுப்பில் இருக்காது.

இந்த வாரம் இதற்கான பாடத்தை ஒரு நூலகத்திடமிருந்து எடுத்துக்கொள்வோம். வியாபாரப் பக்கத்தில் நூலகருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இணையம் வந்தபோது தொழில் போய்விடுமோ என்று முதலில் பயந்தவர்களில் நூலக ஊழியரும் அடங்குவர். புத்தகத்தைத் தேடிக் கொடுப்பது அவர்களுடைய தொழில். தேடுபவர் எல்லோரும் வீட்டிலிருந்தே கூகுளில் தேடத் தொடங்கிவிட்டால் அவர்களிடம் யார் வரப்போகிறார்கள்? ஒன்லைன் கடைகளைப் பார்த்து நம்மவர்கள் இன்று படும் கவலையை அவர்கள் இருபது வருடங்களுக்கு முன்பே பட்டார்கள்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சார்லட் என்ற நகரம் இருக்கிறது. பெரிய வங்கிகளின் நகரம் அது. அங்குள்ள பொது நூலகத்தில் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்தவர் ஹெலன் பிளோவர்ஸ் என்ற பெண்மணி. 2006 ஆம் ஆண்டு அவர் முன்னே இருந்த பிரச்சினை இதுதான்: நூற்றுக்கணக்கான ஊழியர்கள், பல கிளைகள், எல்லா வயதினரும் இருக்கிறார்கள். இணையத்தில் மாதாமாதம் புதிய வசதிகள் வருகின்றன. எல்லோரையும் மண்டபத்தில் உட்காரவைத்து வகுப்பு நடத்தினால் செலவு அதிகம். வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போகும்போதே பாதி மறந்துவிடும்.

அவர் வகுப்பே வைக்கவில்லை. நூலகவியல் எழுத்தாளர் ஸ்டீபன் ஏப்ரமின் கட்டுரையொன்றிலிருந்து யோசனை எடுத்து, 23 சிறு வேலைகளைப் பட்டியல் போட்டு, ஒன்பது வாரங்களுக்குப் பிரித்து வைத்தார். இணையத்தில் தனக்கென ஒரு நாட்குறிப்பை ஆரம்பிப்பது, படமொன்றை ஃபிளிக்கரில் ஏற்றுவது, தன் புத்தகங்களை ஒன்லைனில் பட்டியலிடுவது, இணையத்திலேயே ஒரு கடிதம் தட்டச்சுச் செய்வது, வீடியோ தேடுவது என்று ஒவ்வொன்றும் சின்னச் சின்ன வேலை. யாரும் பக்கத்தில் நின்று சொல்லித்தர மாட்டார்கள். செய்து பார்த்து, என்ன செய்தோம், எங்கே தடுமாறினோம் என்பதைத் தன் நாட்குறிப்பில் நாலு வரி எழுத வேண்டும். முடித்தவர்களுக்குப் பாட்டுக் கேட்கும் சிறிய எம்பி3 கருவி ஒன்று பரிசு. குலுக்கலில் ஒருவருக்கு மடிக்கணனியும் உண்டு.

இதில் நமக்குப் பிடித்த விடயம் இன்னொன்று. அந்த நாட்குறிப்பைத் தன் உண்மைப் பெயரில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. புனைபெயரில் எழுதலாம். பிளோவர்ஸ் மனிதர்களை அறிந்தவர். இருபத்தைந்து வருடம் வேலை செய்த ஒருவர், நேற்று வந்த பையனுக்கு முன்னால் "எனக்குத் தெரியாது" என்று சொல்லக் கூசுவார். அந்தக் கூச்சத்துக்கு ஒரு திரை போட்டுக்கொடுத்தார். நமது முதலாளிமாரைத் தடுத்து வைத்திருப்பது ஆங்கிலமோ வயதோ அல்ல என்பது நமது எண்ணம். தம்மிடம் சம்பளம் வாங்குபவனிடம் கேட்டுப் படிப்பதற்கான வெட்கம்தான் பெரிய தடை.

பட்டியலின் தொடக்கத்திலேயே, வாழ்நாள் முழுவதும் கற்பவரின் ஏழரைப் பழக்கங்கள் என்றொரு பாடத்தை வைத்தார். அதில் அரைப் பழக்கம் விளையாட்டு. பயப்படாமல் தட்டிப் பார், பிழைத்தால் திரும்பத் தட்டு என்பதே அதன் சாரம். குழந்தைகள் தொலைபேசியை அப்படித்தான் பழகுகிறார்கள். நாமோ எதையாவது அமுக்கினால் காசு போய்விடும் என்ற பயத்தில் தொடுவதேயில்லை. காசு சம்பந்தப்பட்ட இடத்தில் அந்தப் பயம் நியாயமானதே. அதனால்தான் காசு சம்பந்தப்படாத இடத்தில் முதலில் விளையாட வேண்டும்.

அந்த 23 வேலைகளையும் யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்று அந்த நூலகம் அனுமதி கொடுத்தது. அவுஸ்திரேலியாவிலிருந்து ஐரோப்பாவரை நூற்றுக்கணக்கான நூலகங்கள் அதைத் தமக்கேற்ப மாற்றி நடத்தின. ஒரு சுவையான விடயம்: இணையத்தில் தட்டச்சுச் செய்யும் பாடத்துக்கு அங்கே உதாரணமாக வைத்தது சோஹோ ரைட்டர் என்ற மென்பொருளை. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஸ்ரீதர் வேம்பு தலைமையில், சென்னையில் பெரும்பாலான பணிகளை நடத்திவந்த நிறுவனத்தின் தயாரிப்பு அது. சார்லட்டில் இருந்த நூலகப் பெண்மணி சென்னைப் பொறியியலாளர் செய்த பொருளில் படித்திருக்கிறார். பூவரசங்குளத்து வியாபாரிக்கு மட்டும் ஏன் இது வேறு உலகத்துச் சாமான் போலத் தெரிய வேண்டும்?

தொழிலின் நடுவில் புதிதாகப் படித்துக்கொண்டவர்களில் சீர்காழியில் 1892 இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனும் ஒருவர். கணித ஆசிரியராக இருந்தவர், 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகவியல் அவருக்கு அப்போது தெரியாது. வேலை சலித்து, திரும்பவும் கற்பிக்கப் போய்விடலாம் என்றும் நினைத்தார். பின்னர் இங்கிலாந்து சென்று படித்தார். லண்டனில் செல்ஃப்ரிஜஸ் என்ற பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தபோதுதான், துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்து வேண்டியதைக் கட்டுவதுபோல புத்தகங்களையும் வகைப்படுத்தலாம் என்ற யோசனை அவருக்குப் பிறந்தது. கடையில் நிற்கும்போதும் படிப்பு வரும். அவர் 1931 இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரம் வீணாகாமல் பார்ப்பதைப் பற்றியது. வாசகர் என்ற இடத்தில் வாடிக்கையாளர் என்று போட்டுப் பாருங்கள்.

சார்லட்டில் படித்த அந்தக் கருவிகளில் பல இன்று இல்லை. இணையப் பக்கங்களைக் குறித்துவைக்க உதவிய டிலிசியஸ் கைக்குக் கை மாறி, 2017 இல் புதிதாக எதையும் சேர்க்க முடியாத நிலைக்கு வந்தது. அதே காலத்தில் பலர் நம்பியிருந்த கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது. அப்படியானால் ஊழியர்களின் ஒன்பது வாரமும் வீணா? இல்லை. முன்பின் தெரியாத ஒரு திரையைத் திறந்து, அது என்ன கேட்கிறது என்று வாசித்து, தட்டிப் பார்க்கும் துணிவு அவர்களிடம் தங்கிவிட்டது. ஆகவே "இந்தச் செயலி நாளைக்கு மாறிவிடுமே, எதற்குப் படிப்பது" என்ற சாட்டு நில்லாது.

இதை நமது கடைக்குள் எப்படிக் கொண்டுவரலாம்? இருபத்துமூன்று வேண்டாம், ஏழெட்டு போதும். லுஹர் நேரத்துக்குப் பிறகு கடை சற்று ஓய்ந்திருக்கும்போது கால் மணித்தியாலம் ஒதுக்குங்கள். ஒரு பழைய கொப்பியை எடுத்து, அன்று செய்ததை உங்கள் கையால், உங்கள் தமிழில் எழுதுங்கள். "பச்சைப் பொத்தான், பிறகு மூன்று புள்ளி" என்று எழுதினாலும் போதும். கடவுச்சொல்லை மட்டும் அந்தக் கொப்பியில் எழுத வேண்டாம்.

முதல் வாரத்துக்கு விலை பார்க்கும் வேலை நல்லது. கொழும்பிலுள்ள ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகம் புறக்கோட்டை, தம்புள்ளை போன்ற சந்தைகளின் உணவுப் பொருள் விலைகளை அறிக்கையாக இணையத்தில் வெளியிடுகிறது. வெங்காயம், கிழங்கு, மரக்கறி எடுப்பவர் லொறிக்காரரின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. அவர் சொல்லும் விலையும் அறிக்கை சொல்லும் விலையும் எவ்வளவு தூரம் என்று பத்து நாள் கொப்பியில் குறித்துப் பாருங்கள். இதில் உங்கள் காசு எதுவும் போகாது. விளையாடிப் பழக ஏற்ற இடம்.

அடுத்தது பெயர் வைப்பது. நூலகரின் உண்மையான தொழில் இரகசியம் இதுதான். புத்தகம் இருப்பது பெரிதல்ல, கேட்டவுடன் எடுக்க முடிவதே பெரிது. இதை எழுதுபவர் பட்டபாடு ஒன்றைச் சொல்லலாம். ஒரு போகத்து நெல் வியாபாரத்தின் விலைச்சிட்டைகள் முழுவதையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தேன். கணக்கு முடிக்க உட்கார்ந்தபோது, கலியாண வீட்டுப் படங்களுக்கும் குழந்தைகளின் படங்களுக்கும் நடுவில் சிட்டைகளைத் தேடி எடுக்க இரண்டு இரவு போனது. நாலு சிட்டை அகப்படவேயில்லை. இப்போது ஒவ்வொரு படத்துக்கும் திகதி, ஆள், பொருள் என்று பெயர் இடுகிறேன். மாதமுடிவில் கூகுள் ட்ரைவில் ஒரு பிரதி, வீட்டுக் கணனியில் ஒரு பிரதி. அரை மணித்தியாலத்து வேலை.

பிரதியின் பெறுமதியை வடபகுதி முஸ்லிம் வியாபாரிக்கு நாம் விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் கடையையும் கையிருப்பையும் மட்டுமா விட்டு வந்தார்கள்? கடன் கொப்பியும் காணி உறுதியும் பலருக்குக் கையில் இல்லாமற் போயின. யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதற்கு எழுத்து இல்லாமல், ஞாபகத்தை மட்டும் நம்பிப் புத்தளத்தில் தொழில் தொடங்கியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 1981 இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. ஒரேயொரு பிரதியாக இருந்த ஏடுகளும் அவற்றுள் அடங்கும். 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து எவரும் இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறது. அந்த வேலையைச் செய்பவர்களுக்குத் தெரிந்ததில் கால்வாசி தெரிந்தாலே, உங்கள் உறுதியையும் வியாபாரப் பதிவுச் சான்றிதழையும் ஒழுங்காகப் பிரதி எடுத்து வைத்துவிடலாம். அசல் அலுமாரியிலேயே இருக்கட்டும். பிரதி அசலின் இடத்தைப் பிடிக்காது, ஆனால் அசல் தொலைந்த அன்று எங்கிருந்து தொடங்குவது என்று காட்டும்.

இந்தப் படிகளெல்லாம் பழகிய பிறகு காசு விடயத்துக்கு வாருங்கள். லங்கா கியூஆர் அட்டையைக் கடை மேசையில் வைப்பது இலகு. பணம் வந்துவிட்டதா என்று பார்ப்பதில்தான் ஏமாறுகிறார்கள். "போட்டுவிட்டேன் நானா" என்று வாடிக்கையாளர் தன் திரையை நீட்டுவார். அவருடைய திரை உங்கள் கணக்கல்ல. திரைப்படத்தை எவரும் திருத்தலாம். உங்கள் வங்கியின் குறுஞ்செய்தியையோ செயலியையோ நீங்களே பார்த்த பிறகு சாமானைக் கொடுங்கள். செயலி மகனின் தொலைபேசியில் இருந்தால் எப்படிப் பார்ப்பீர்கள்? அதேபோல, வட்ஸ்அப்பில் தெரிந்தவர் பெயரில் வந்து, "உங்களுக்கு வந்த ஆறு இலக்கத்தை அனுப்புங்கள்" என்று கேட்டால், அது உங்கள் கணக்கையே பறிக்கும் தந்திரம். வங்கி அனுப்பும் ஒருமுறை இலக்கமும் அப்படித்தான். யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது, வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று சொன்னாலும் கூட.

சொல்லித்தர ஆள் தேடுகிறவர்கள் முதலில் மகனையே கேளுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை: தொலைபேசி உங்கள் கையில் இருக்க வேண்டும், அவர் வாயால் மட்டும் சொல்ல வேண்டும். "கொண்டாங்க வாப்பா" என்று அவர் பறித்து இரண்டு நிமிடத்தில் முடித்துத் தந்தால் நீங்கள் எதுவும் படித்திருக்க மாட்டீர்கள். இரண்டு கிழமை கழித்து, நீங்கள் படித்ததைப் பக்கத்துக் கடை நானாவுக்குச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். ஏழரைப் பழக்கங்களில் அதுவும் ஒன்று. சொல்லிக்கொடுக்கும்போது எந்த இடத்தில் தடுமாறுகிறீர்களோ, அந்தப் பக்கத்தைக் கொப்பியில் திருப்பி இன்னொரு தடவை செய்யுங்கள்.