அலை போயிடுச்சு... அலாரம் நிற்கலை!

எலெக்ட்ரானிக்ஸ் படிப்பவனுக்கு மூளையைப் பற்றி என்ன தெரியும் என்று சிரிக்காதீர்கள். விஷயம் கடைசியில் நம்ம சர்க்யூட்டுக்குத்தான் வந்து சேரும்.

என் தாய்மாமா காரைக்கால் பக்கத்து மீனவர். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமி வந்தபோது கரையில் இருந்தார். பிழைத்தார். அதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை. தொழிலை விட்டுவிட்டுப் புதுச்சேரியில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் பிறந்ததே அதற்கப்புறம்தான். மிக்ஸி ஓடினால் திடுக்கிடுவார். ராத்திரியில் எழுந்து வாசல் கதவைத் திறந்து பார்ப்பார். கடற்கரைச் சாலைக்குக் கூப்பிட்டால் மட்டும் வரவே மாட்டார். பாட்டி 'காத்து கருப்பு' என்று மந்திரித்தாள். தெருவில் வைத்த பெயர் 'பயந்தாங்கொள்ளி'. (அன்று நம்ம டவுனைக் கரையோரக் கல் அணை காப்பாற்றியது. அதனால்தானோ என்னவோ, இங்கே பலருக்குச் சுனாமி டி.வி.யில் பார்த்த செய்திதான்!)

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் ராத்திரி. வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. மாமா, "பிள்ளையைத் தூக்குங்கடா!" என்று அலறிக்கொண்டு, பதினெட்டு வயசுப் பையனான என்னைத் தோளில் தூக்கப் பார்த்தார். பழசை அவர் நினைத்துப் பார்க்கவில்லை, அதற்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார். யாருடைய பிள்ளை என்று கேட்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

மறுவாரம் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் சொன்ன பெயர் பி.டி.எஸ்.டி. – பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980-ல்தான் இந்தப் பெயரைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. யாழ்ப்பாணத்தில் டாக்டர் தயா சோமசுந்தரம், போரில் சிக்கிய நம் தமிழ் மக்களிடமும் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்.

இப்போ சர்க்யூட். மூளைக்குள் பாதாம் பருப்பு வடிவில் அமிக்டலா என்று ஒன்று. அதுதான் ஆபத்து அலாரம். நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை, 'ஒண்ணுமில்ல, மிக்ஸிதான்' என்று அலாரத்தை அடக்கும். ஹிப்போகாம்பஸ், 'இது நடந்தது அன்று, அங்கே' என்று நினைவுக்குத் தேதி போடும். இந்த நோயாளிகள் பலரிடம் ஸ்கேன் காட்டுவது: அமிக்டலா மிகையாக வேலை செய்கிறது, முன்மூளையின் பிடி தளர்ந்திருக்கிறது. நெகடிவ் ஃபீட்பேக் அறுந்த ஆம்ப்ளிஃபயர்! அதிர்ச்சியை நினைக்கும்போது பேச்சுக்கான பகுதி மங்குவதையும் சில ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். மாமாவின் மௌனம் எனக்கு அப்போதுதான் கொஞ்சம் புரிந்தது.

ஹிப்போகாம்பஸ் விஷயம் கொஞ்சம் சிக்கல். நோயாளிகளுக்கு அது சராசரியாகச் சிறியது. அதிர்ச்சியால்தான் சுருங்கியது என்றிருந்தார்கள். 2002-ல் வந்த ஓர் ஆய்வு, வியட்நாம் போருக்குப் போய் நோயாளியானவர்களையும் போருக்கே போகாத அவர்களின் இரட்டைச் சகோதரர்களையும் அளந்தது. வீட்டிலிருந்த சகோதரனுக்கும் அது சிறியதாகவே இருந்தது! ஆக, சிலருக்குப் பிறவியிலேயே பாதுகாப்பு குறைவோ என்னவோ. கோழைத்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

"ஸ்கேன் எடுக்கணுமா டாக்டர்?" என்றேன் ஆர்வமாக. "அதெல்லாம் ஆராய்ச்சிக்குப்பா. எனக்கு அவர் பேசினாலே போதும்" என்றார். திரும்பத் திரும்ப வரும் காட்சி, அதை நினைவூட்டுவதிலிருந்து விலகி ஓடுவது, மனசு இருண்டு போவது, எந்நேரமும் உஷார் நிலை – இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் கவனிக்க வேண்டும். மாமாவுக்கு இருபது வருஷம்!

மாத்திரையோடு பேச்சு சிகிச்சையும் உண்டு. பழைய பயம் அழியாதாம். அதன் மேல் 'இப்போ ஆபத்தில்லை' என்ற புதுப் பாடம் எழுதப்படுமாம். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலை நெருங்க வைத்தார்கள். முதல் மாதம் நேரு வீதி. அப்புறம் பாரதி பூங்கா. அங்கேயே பல வாரம் நின்றுவிட்டோம். போன மாதம்தான் காந்தி சிலை வரை வந்தார். என் கையை இறுக்கிப் பிடித்தபடி அலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து, "பக்கத்து வீட்டுப் புள்ளடா அது. நாலு வயசு" என்றார். சுண்டல் ஆறிப்போய்விட்டது. அவர் பேசிக்கொண்டே இருந்தார்.